இயக்குநர் என்னும் பெயர் பெறா இயக்குநர்
(சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகத் தொழிலும் ஏலமலைச் சாரலின் மேடை வழக்கும்)

1. முன்னுரை

தமிழ் நாடகம் பற்றி எழுந்துள்ள ஆராய்ச்சிகளுள் மிகப் பல நூலாராய்ச்சிகளே. கதையின் மூலம் யாது, பாத்திரங்களின் பண்பு யாது, உவமைகள் எத்துணை, பழமொழிகள் எத்துணை எனத் தொகுத்து வகுத்துக் காட்டுவதோடு அவை அமைந்துவிடுகின்றன. காப்பியத்திற்கும் புதினத்திற்கும் இம்முறை ஓரளவு பொருந்தலாம். நாடகத்திற்கு இது போதாது. நாடக நூல் படிப்பதற்கென எழுதப்பட்டதன்று. மேடையில் ஓர் இரவு நிகழ வேண்டியதை முன்கூட்டியே ஒழுங்கு செய்து வைக்கும் கருவி அது. அக்கருவியை இயக்கியவர் யாவர் என்னும் வினாவை எழுப்பாமல் அதன் அமைப்பை அறிந்துவிட இயலாது.

தமிழ்மேடையில் இயக்குநர் எப்பொழுது தோன்றினார்? இவ்வினாவிற்குப் பெரும்பாலோர் கூறும் விடை ஒன்று உண்டு. 1959-இல் தில்லியில் தேசிய நாடகப்பள்ளி தோன்றியது. அங்குப் பயின்ற சே. இராமானுசம் போன்றோர் காந்திகிராமத்தில் 1977-இல் நடத்திய பயிற்சிப் பட்டறையும், அதே ஆண்டில் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறையும் தமிழகத்திற்கு இயக்குநர் என்னும் கலைஞரை அளித்தன. அதற்கு முன்பு இருந்தோர் நாடகம் எழுதியோரும், நடித்தோரும், குழு நடத்திய முதலாளிகளுமே என்பது அவ்விடை. நவீன நாடகத்தார் ஆற்றிய பணியை யாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் இவ்விடை பெயரைக் கண்டு பொருளைக் காணாத விடை என்பதே எம் கருத்து. பெயர் இல்லாத காலத்தும் பொருள் இருந்தது. அப்பொருளைத் தாங்கியவருள் தலையாயவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). அவரை நாடகாசிரியராக மட்டும் கொள்ளாமல் இயக்குநராகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்குச் சான்றாக, அச்சிட்ட நூல்களோடு, போடிநாயக்கனூரையும் சிலமலையையும் சூழ்ந்த ஏலமலைச் சாரல் ஊர்களில் இன்றும் நிகழ்ந்துவரும் ஸ்பெஷல் நாடக வழக்கையும் எடுத்துக்கொள்கிறோம்.

2. ஆங்கில மேடையில் இயக்குநர்

ஒப்புநோக்கிற்காக ஆங்கில மேடையைச் சிறிது காண்போம். இயக்குநர் என்பவர் ஆங்கில நாட்டில் தொன்றுதொட்டு இருந்தவர் எனப் பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. சேக்சுபியர் காலத்தில் அப்படி ஒருவர் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாடகக் குழுவை ஆண்டவர் ஹென்றி இர்விங் போன்ற தலைமை நடிகர். தாமே முதற்பாத்திரம் ஏற்று, தம்மைச் சுற்றியே மேடையை அமைத்துக்கொண்டவர் அவர். 1881-இல் செருமனியிலிருந்து மைனிங்கன் நாடகக் குழு இலண்டனுக்கு வந்து நடித்தது. பெருங்கூட்டக் காட்சிகளிலும் ஒவ்வொரு நடிகரும் ஒரே கருத்திற்கு அடங்கி இயங்கியதைக் கண்டு ஆங்கிலேயர் வியந்தனர். அதன்பின் வில்லியம் போயல் (1852–1934), கார்டன் கிரெய்க் (1872–1966), கிரான்வில் பார்க்கர் (1877–1946) முதலியோர் தோன்றினர். நடிகரும் அல்லாத, முதலாளியும் அல்லாத மூன்றாமவர் ஒருவர் மேடைக்கு வேண்டும் என்னும் கொள்கை இவர்களால் வலுப்பெற்றது.

இவருள் பார்க்கரின் வாழ்க்கை நம் ஆராய்ச்சிக்குப் பெரிதும் பயன்படும். அவர் நடிகராகத் தொடங்கினார், நாடகம் எழுதினார், 1904 முதல் 1907 வரை இலண்டன் கோர்ட் அரங்கிலும், 1912 முதல் 1914 வரை சவாய் அரங்கிலும் நாடகங்களை இயக்கிப் பெரும்புகழ் எய்தினார். பின்னர் மேடையை விட்டு விலகிச் சேக்சுபியர் நாடகங்களுக்கு முன்னுரைகள் எழுதலானார். அவற்றின் முதல் தொகுதி 1927-இல் வெளிவந்தது. புலவர் உரை எழுதுவதைப் போன்று அவர் எழுதவில்லை. இக்காட்சி எவ்வளவு விரைவில் செல்ல வேண்டும், இங்கு நடிகர் எங்கு நிற்க வேண்டும், இப்பேச்சிற்குப் பின் அமைதி வேண்டுமா என மேடையறிவை ஏட்டில் வைத்தார். தாம் இல்லாத மேடையிலும் தம் அறிவு இயங்க வேண்டும் என்பது அவர் நினைவு போலும்.

ஈண்டு ஆண்டுகளை நோக்குக. போயல் பிறந்தது 1852. சுவாமிகள் பிறந்தது 1867. கிரெய்க் பிறந்தது 1872. பார்க்கர் பிறந்தது 1877. ஆங்கில மேடையில் இயக்குநர் உருப்பெற்ற காலமும் தமிழ்மேடையில் சுவாமிகள் உழைத்த காலமும் ஏறத்தாழ ஒன்றே. ஒருவரை ஒருவர் அறிந்து செய்ததன்று இது. சிதறிக் கிடந்த நடிப்புத் தொழிலை ஒரு கருத்தின்கீழ்க் கொணர வேண்டிய தேவை இரு நாட்டிலும் தனித்தனியே எழுந்தது என்பதே பொருத்தமாகும். ஆங்கில நாட்டினர் அத்தேவையை நிறைவு செய்தவர்க்குப் புதுப்பெயர் இட்டனர். நாமோ ‘வாத்தியார்’ என்னும் பழம்பெயராலேயே அழைத்தோம். வேறுபாடு பெயரளவில்தான் தொடங்குகிறது.

பழம்பெயர் என்றது பொருளோடுதான். சிலப்பதிகார அரங்கேற்று காதை ஆடலாசான், இசையாசிரியன், நன்னூற்புலவன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் ஆகியோரின் இலக்கணத்தைத் தனித்தனியே வகுத்துரைக்கிறது. எட்டுக்கோல் நீளமும் ஏழுகோல் அகலமும் ஒருகோல் உயரமும் உடையதாக அரங்கின் அளவையும், மூவகை எழினியையும் கூறுகிறது. ஆயினும் இவரனைவரையும் ஒருங்கிணைக்கும் ஒருவனை அக்காதை வேறாகப் பிரித்துக் கூறவில்லை. இணைப்பு மரபிடம் இருந்தது. மரபு தளர்ந்த காலத்திலேயே இணைப்பவன் ஒருவன் வேண்டப்படுகிறான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி அத்தகைய காலம்.

3. சுவாமிகளின் வாழ்க்கை

சுவாமிகள் 1867 செப்டம்பர் 7-இல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். தந்தையார் தாமோதரத் தேவர், தமிழறிஞர். தந்தையாரிடமும் பின்னர்ப் பழநித் தண்டபாணி சுவாமிகளிடமும் தமிழ் பயின்றார். வெண்பா, விருத்தம், சந்தம் ஆகியவற்றில் அவர்க்கு இருந்த எளிமை இக்கல்வியின் பயன். ஏறத்தாழ இருபத்து நான்காம் அகவையில் நாடகத் தொழில் புகுந்தார். அஃது 1891-ஐ ஒட்டிய காலம். பேராசிரியர் சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் வெளிவந்ததும், பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியதும் அவ்வாண்டிலேயே என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. ஒன்று படிக்கும் நாடகம். ஒன்று கற்றோர் பொழுதுபோக்காக ஆடிய நாடகம். சுவாமிகளுடையது பிழைப்பிற்காக ஆடிய நாடகம். மூன்று நெறிகளும் ஒரே காலத்தில் தொடங்கின. நம் இலக்கிய வரலாறுகள் முதல் நெறிக்கு ஓர் இயலும், இரண்டாவதற்குச் சில பக்கங்களும், மூன்றாவதற்குச் சில வரிகளும் ஒதுக்குகின்றன.

நடிகராக இருந்த காலத்தில் இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் ஆகிய அச்சந்தரும் வேடங்களையே சுவாமிகள் ஏற்றார். அவ்வேடத்தில் அவரைக் கண்டு அஞ்சிய கருவுற்ற பெண்ணொருத்திக்குக் கேடு நேர்ந்தது என்றும், அதனால் வேடம் புனைவதையே அவர் கைவிட்டார் என்றும் வரலாறு எழுதியோர் கூறுவர். நிகழ்ச்சியின் கூறுகள் சொல்வோர்க்கேற்ப வேறுபடுகின்றன. நம்பத்தக்க அளவு எவ்வளவாயினும் ஆகுக. திறனாய்வாளர்க்கு அதில் முதன்மையான செய்தி வேறு. நடிப்பின் ஆற்றல் மேடையோடு நிற்பதில்லை, அதனைக் கட்டுப்படுத்துவோன் ஒருவன் வேண்டும் என்னும் உணர்வு அத்தலைமுறையினர்க்கு இருந்தமையை இக்கதை காட்டுகிறது. நடிகர் சங்கரதாசர் ஒழிந்த இடத்தில் ஆசிரியர் சங்கரதாசர் தோன்றினார்.

துறவுக்கோலம் பூண்டு தலங்கள் பல சென்ற பின்னர்ப் புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளையிடம் மகன்மை உரிமையோடு வாழ்ந்து இலயம் பயின்றார். சாமி நாயுடு, வள்ளி வைத்தியநாதையர், அல்லி பரமேசுவர ஐயர் ஆகியோரின் குழுக்களில் ஆசிரியராக அமர்ந்தார். நடித்த பாத்திரமே நடிகரின் பெயர்க்கு முன்னொட்டாக அமைந்த காலம் அது என்பதை இப்பெயர்களே காட்டும். 1910-இல் சமரச சன்மார்க்க நாடக சபையை அமைத்தார். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவிச் சிறுவர்களைக் கொண்டே நாடகம் நடத்தினார். அவ்வாண்டில் அக்குழுவிற் சேர்ந்தவர்கள்தாம் பின்னர் டி.கே.எஸ். சகோதரர்கள் எனப் புகழ்பெற்றோர்.

அவர் இயற்றிய நாடகங்கள் நாற்பது என்பர் சிலர். அறுபத்தெட்டு என்பர் வேறு சிலர். கிடைப்பன ஏறத்தாழப் பதினெட்டு. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள், அல்லி அர்ச்சுனா, இலவகுசா, அபிமன்யு சுந்தரி என்பன அவற்றுட் சில. 1921-இல் பக்கவாதம் அவரைத் தாக்கியது. கையும் காலும் வாயும் செயலற்ற நிலையிலும் குழுவோடு இருந்தார். 1922 நவம்பர் 13-இல் புதுச்சேரியில் காலமானார்.

4. இயக்குநர்க்குரிய மூன்று இலக்கணம்

இயக்குநர் என்பவர்க்கு உரிய தொழிலை மூன்றாகச் சுருக்கலாம். நடிகரைத் தேர்ந்து பயிற்றுதல், காலத்தை ஒழுங்குபடுத்துதல், நாடகம் முழுவதற்கும் ஒரே பொருளை நிலைநிறுத்துதல். இம்மூன்றும் சுவாமிகளிடம் இருந்தனவா என ஆராய்வோம்.

முதலாவது, நடிகரைத் தேர்ந்து பயிற்றுதல். சுவாமிகளுக்கு முன்னிருந்த குழுக்களில் கதை மட்டுமே பொதுவாக இருந்தது. பேச்சு அவரவர் நாவன்மையைப் பொறுத்தது. கற்ற நடிகன் நீட்டுவான், கல்லாதான் விழிப்பான், போட்டி மனமுடையான் எதிரில் நிற்பவனை மடக்கிக் கைதட்டல் பெறுவான். சுவாமிகள் பாட்டையும் பேச்சையும் வரையறுத்து எழுதி, எழுதியதை மனப்பாடம் செய்வித்தார். வளர்ந்த நடிகர்களிடம் இவ்வொழுக்கத்தை நிலைநாட்டுதல் அரிது. அவர் சிறுவர் குழு அமைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். டி.கே. சண்முகம் 1972-இல் வெளிவந்த ‘எனது நாடக வாழ்க்கை’ என்னும் நூலில், தம்மை அபிமன்யுவாக மனத்திற்கொண்டு சுவாமிகள் அபிமன்யு சுந்தரியை ஓரிரவில் அடித்தல் திருத்தல் இன்றி எழுதி முடித்ததைக் கூறுகிறார். இதனைக் கவியாற்றலுக்குச் சான்றாகவே பலரும் எடுத்துக்காட்டுவர். எமக்கு இஃது இயக்காற்றலுக்குச் சான்றாகவும் தோன்றுகிறது. எந்தச் சிறுவனின் குரல் எதுவரை எட்டும், எவன் நெடிய பேச்சைத் தாங்குவான் என்பதெல்லாம் ஆசிரியர்க்கு முன்னரே தெரிந்திருந்தன. நடிகர்களின் ஆற்றலைப் பகலில் அளந்து வைத்தவரே ஓரிரவில் அவர்களுக்குரிய நாடகத்தை எழுத வல்லவர்.

இரண்டாவது, காலத்தை ஒழுங்குபடுத்துதல். மேடையில் இடத்தை ஆள்பவர் ஓவியர். காலத்தை ஆள்பவரே இயக்குநர். சுவாமிகளின் நாடகங்களில் விருத்தமும் கீர்த்தனையும் தருக்கப் பாட்டும் உரைநடையும் மாறிமாறி வருகின்றன. படிப்போர்க்கு இவை கதையோட்டத்தை நிறுத்தும் தடைகளாகத் தோன்றலாம். பார்ப்போர்க்கு அவ்வாறு தோன்றுவதில்லை. விருத்தம் தாளக்கட்டு இன்றி நின்று ஓர் உணர்ச்சியை விரிக்கிறது. அதனைத் தொடர்ந்து தாளத்தில் அமைந்த பாட்டு நிகழ்ச்சியை முன்தள்ளுகிறது. தருக்கப் பாட்டு இருவரையும் எதிரெதிரே நிறுத்தி விரைவுபடுத்துகிறது. பின்வரும் உரைநடை பார்ப்போர்க்கு மூச்சு விட இடந்தருகிறது. நின்றும் நடந்தும் ஓடியும் இளைப்பாறியும் செல்லும் இவ்வொழுங்கு இலயம் கற்றவர் வகுத்தது. மான்பூண்டியா பிள்ளையிடம் அவர் பெற்ற பயிற்சியை இசைப்புலமையின் கணக்கில் மட்டும் வைத்தல் ஆகாது. அது அவருடைய நாடக அமைப்பின் உள்ளீடாகும்.

மூன்றாவது, ஒரே பொருளை நிலைநிறுத்துதல். சுவாமிகளின் நாடகங்களில் அறங்கூறும் பகுதிகள் மிகுதி. இது கலைக்குக் குறை என்பாரும் உளர். மிகுதி என்பதை யாமும் மறுக்கவில்லை. ஆனால் பல இடங்களில் அறக்கூற்று வாளா நில்லாமல் வழக்காடுகிறது. சாவித்திரி எமனோடு வழக்காடுகிறாள். வள்ளி வேடனோடு வழக்காடுகிறாள். அல்லி அர்ச்சுனனோடு முரண்படுகிறாள். பெண் எதிர்நின்று வினவ, ஆண்மகனோ தெய்வமோ விடை கூறியாக வேண்டிய நிலை மீண்டும் மீண்டும் அமைகிறது. முடிவு புராணத்தில் உள்ளதே. அதை எய்தும் வழி மட்டும் வாதத்தின் வழியாக அமைகிறது. இஃது ஓர் ஆசிரியரின் நோக்கு. நாடகம் பல, பாத்திரம் பல, நடிகர் பலராயினும் நோக்கு ஒன்றாக இருத்தலே இயக்குநரின் முத்திரை.

5. ஏலமலைச் சாரலின் சான்று

இதுவரை கூறியன நூலாலும் வரலாற்றாலும் பெறப்படுவன. இனிக் கூறுவது மேடை வழக்கால் பெறப்படுவது. சுவாமிகள் மறைந்து நூறாண்டு கடந்துவிட்டது. அவர் நாடகங்களோ மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை முதலிய ஊர்களின் நடிகர் சங்கங்களைச் சார்ந்தோரால் ஊர்த் திருவிழாக்களில் இன்றும் ஆடப்படுகின்றன. ஸ்பெஷல் நாடகம் என்பது அதற்கு வழங்கும் பெயர். பெயர்க்கேற்ப அதன் அமைப்பும் தனித்தன்மை உடையது. நிலையான குழு இல்லை. ஊரார் நாடக ஏஜண்டு வழியாக ராஜபார்ட்டு, ஸ்திரீபார்ட்டு, பபூன், டான்ஸ், பெட்டிக்காரர், மிருதங்கக்காரர், ஆல்ரவுண்டு என ஒவ்வொருவரையும் தனித்தனியே அச்சாரம் கொடுத்து அமர்த்துகின்றனர். படமும் பெயரும் ஊரும் அச்சிட்ட நோட்டீசு சுவர்களில் ஒட்டப்படுகிறது. வெவ்வேறு ஊரிலிருந்து வரும் நடிகர்கள் அன்றிரவு மேடையில்தான் சந்திக்கின்றனர். ஒத்திகை இல்லை; இயக்குநர் இல்லை. இரவு பத்து மணியளவில் தொடங்கும் நாடகம் விடியற்காலையில் முடிகிறது.

இங்குதான் வினா எழுகிறது. ஒருவரையொருவர் அறியாத நடிகர்கள் ஒத்திகையின்றி ஓர் இரவு முழுதும் ஒரு நாடகத்தைக் குலையாமல் நடத்துவது எங்ஙனம் இயலும்? மரபு என்று கூறிவிடுதல் எளிது. அம்மரபு எதில் தங்கியிருக்கிறது என்று காட்டுதலே ஆராய்ச்சி.

போடிநாயக்கனூர், சிலமலை முதலிய சாரல் ஊர்களில் பெரிதும் விரும்பப்படும் வள்ளி திருமணத்தை எடுத்துக்கொள்வோம். பபூனின் நகைச்சுவை முன்னே வந்து கூட்டத்தை அமர்த்துகிறது. பின்னர்ப் புராணப் பகுதி தொடங்குகிறது. நாரதர் வருகை, வள்ளியின் தினைப்புனக் காவல், வேடனாக வரும் முருகனோடு தருக்கம், கிழவனாக வருதல், திருமணம் என வரிசை மாறுவதில்லை. வரிசை மட்டும் காத்தாற் போதாது. உள்ளேயும் கட்டு வேண்டும். தருக்கத்தில் வினாவாக அமைந்த பாட்டிற்கு அதே மெட்டில் விடைப்பாட்டு உண்டு. இராகமும் தாளமும் நூலிலேயே குறிக்கப்பட்டுள்ளன. ஆதலின் ஒருவர் பாடி முடிக்கும்போதே மற்றவர் தொடங்க வேண்டிய இடமும், பெட்டிக்காரர் பிடிக்க வேண்டிய சுருதியும் தெரிந்துவிடுகின்றன. உரையாடலில் நடிகர் தம் விருப்பம்போல் விரிக்கலாம். நடப்புச் செய்திகளைச் சேர்க்கலாம். ஊர்ப்பெயரைச் சொல்லி நகைக்கலாம். ஆனால் அடுத்த பாட்டு வரும் இடத்திற்கு வந்தே தீர வேண்டும். பாட்டு, ஆற்றைக் கடப்போர்க்கு இட்ட கல் போன்றது. கல்லுக்குக் கல் எப்படித் தாவுவது என்பது நடிகரின் உரிமை. கற்களின் இடைவெளி சுவாமிகள் வகுத்தது.

எனவே ஸ்பெஷல் நாடகத்தில் இயக்குநர் இல்லை எனல் பிழை. இயக்குநர் நூலுக்குள் இருக்கிறார். பார்க்கர் தம் மேடையறிவை முன்னுரையாக எழுதிவைத்தார்; சுவாமிகள் அதனைப் பாட்டின் அமைப்பாகவே எழுதிவைத்தார். முன்னுரையை நடிகர் படிக்காமலும் விடலாம். பாட்டைப் பாடாமல் விட இயலாது. 1921-இல் வாய் பேச இயலாது ஆசிரியர் அமர்ந்திருந்தபோதும் அவர் குழு நாடகம் நடத்தியது. பேசாத ஆசிரியரின் நாடகம் பேசியதற்கும், இல்லாத ஆசிரியரின் நாடகம் இன்று நடப்பதற்கும் காரணம் ஒன்றே. 1926-ஐ ஒட்டிக் கொழும்பில் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் இந்நாடகத்தில் எதிரெதிர் நின்று பாடிப் பெற்ற புகழும் இக்கட்டமைப்பின்மீது எழுந்ததே. இரு பெருங்குரல்கள் மோதுவதற்கும் மோதிப் பிரியாமல் இணைவதற்கும் களம் முன்னரே அமைந்திருந்தது.

சாரல் ஊர்களில் இந்நாடகத்திற்கு இன்னொரு சிறப்பும் உண்டு. மதுரைக்கும் போடிக்கும் இருப்புப்பாதை 1928-இல் அமைந்தது. மதுரை நடிகர்கள் இவ்வூர்களுக்கு வருதலை அஃது எளிதாக்கியிருத்தல் வேண்டும். ஏறுதலும் இறங்குதலுமே இப்பகுதி மக்களின் வாழ்க்கை. விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைமேல் உள்ள ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குச் சென்று பொழுது சாயத் திரும்பும் பெண்கள் பலர். பன்றிக்கும் யானைக்கும் அஞ்சி இரவில் விளைநிலம் காப்போரும் உளர். இவர்களுக்குத் தினைப்புனக் காவல் புராணச் செய்தியன்று, தொழில். பரண்மேல் நின்று காவல் காக்கும் வள்ளியிடம் முன்பின் அறியாத ஆடவன் ஒருவன் வந்து பேச்சுக் கொடுக்கிறான். அவள் அஞ்சி ஓடவில்லை. ஊரும் பேரும் கேட்டு வழக்காடுகிறாள். யாம் இப்பகுதியில் கண்ட ஆட்டங்களில், வேடனின் பாட்டிற்கு எழுந்த ஆரவாரத்தைவிட வள்ளியின் மறுமொழிக்கு எழுந்த ஆரவாரம், சிறப்பாகப் பெண்கள் அமர்ந்த பக்கத்தில், மிகுதியாக இருந்தது. தூத்துக்குடிக் கரிசலில் பிறந்த ஆசிரியர் குறிஞ்சி நிலத்துப் பெண்ணுக்குக் கொடுத்த வாதம் மலைச்சாரலில் தன் உரிய கேட்போரைக் கண்டடைந்தது எனலாம்.

கேட்போர் வாளா கேட்போரும் அல்லர். பாட்டின் வரிசை அவர்களுக்கும் தெரியும். ஒரு பாட்டை விட்டுத் தாண்டினால் முன்வரிசை முதியவர் ஒருவர் அதனைக் கேட்டு வாங்கிவிடுவார். ஒத்திகை இல்லாத நாடகத்திற்கு ஊரே ஒத்திகை கண்டிருக்கிறது. நூலுக்குள் இருக்கும் இயக்குநரின் கட்டளையை நிறைவேற்றும் காவலர் இவர்களே.

6. மறுப்பும் விடையும்

இக்கருத்திற்கு எழக்கூடிய மறுப்புகள் மூன்று.

ஒன்று: இயக்குநர் என்பவர் காட்சியமைப்பு, ஒளி, உடை, இயக்கம் ஆகிய அனைத்தையும் ஆள்பவர், சுவாமிகள் பாட்டையும் பேச்சையுமே ஆண்டார் என்பது. உண்மை. காட்சித்துறையில் அவர் புதுமை செய்தார் என யாம் கூறவில்லை. திரைச்சீலையும் உடையும் அக்காலப் பார்சி, மராத்தியக் குழுக்களின் வழியிலேயே அமைந்தன. ஆனால் கண்ணால் காணும் நாடகம் ஒருவகை, காதால் காணும் நாடகம் ஒருவகை. கிரெய்க் கண்ணின் இயக்குநர். சுவாமிகள் காதின் இயக்குநர். ஒலிபெருக்கி பரவாத காலத்தில் ஆயிரக்கணக்கானோர் அமர்ந்த கொட்டகையில் காதை ஆள்வதே நாடகத்தை ஆள்வதாகும்.

இரண்டு: ஸ்பெஷல் நாடகத்தில் இன்று பபூன், டான்ஸ் பகுதிகள் நீண்டு, இரட்டுற மொழிதல் மிகுந்து, புராணப் பகுதி சுருங்கிவிட்டது, இதனைச் சுவாமிகளின் இயக்கம் எனல் தகுமோ என்பது. இப்பகுதிகள் அவர் நூலின் புறத்தே வளர்ந்தவை. கற்களுக்கு இடையில் ஆறு பெருகிவிட்டது, கற்கள் பெயரவில்லை. இம்மாறுதலை இகழ்ந்து ஒதுக்குதலும் ஆய்வுநெறி ஆகாது. மேடையில் நிற்கும் பெண்ணுக்கு ஊர் சுமத்தும் பழியை அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சீசர் 2005-இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். வள்ளியின் வாதத்திற்கு ஆரவாரிக்கும் ஊரே அவ்வேடம் புனைந்தவளைத் தாழ்வாகப் பேசுகிறது. இம்முரணைச் சுவாமிகளின் நாடகம் தீர்க்கவில்லை. சிறுவரே பெண்வேடம் பூண்ட குழுவிற்கென எழுதியவர்க்கு அது நேர்நின்ற சிக்கலும் அன்று.

மூன்று: வரையறுத்த பாட்டும் மனப்பாடமும் நடிகனின் படைப்பாற்றலைக் கட்டுப்படுத்தின என்பது. சிறுவர் குழு வாழ்க்கை கடுமையானதே. இரவுகள் நெடியவை, கண்டிப்பு மிகுதி. அதனைப் பொன்னுலகமாகப் புனைந்துரைத்தல் ஆகாது. ஆயினும் அக்கட்டுப்பாட்டிலிருந்து வெளிவந்தோர் கைப்பாவைகளாக நிற்கவில்லை. டி.கே.எஸ். சகோதரர்கள் 1925-இல் தமக்கெனக் குழு அமைத்தனர். எம். கந்தசாமி முதலியாரிடம் உரைநடைச் சமூக நாடகமும் பயின்றனர். 1942-இல் ஒளவையாரை மேடையேற்றினர். கட்டுப்பாட்டில் பயின்றவர் கட்டை மாற்றவும் வல்லவராயினர்.

7. செய்யத்தக்கன

இக்கருத்து பொருந்துமாயின் நம் துறைகள் செய்ய வேண்டிய பணியும் மாறுகிறது. சுவாமிகளின் நாடகங்கள் சிறு பதிப்பகங்களால் மலிவு நூல்களாகப் பலகால் அச்சிடப்பெற்றன. பாட்டு விடுபட்டனவும், மெட்டுக் குறிப்பு சிதைந்தனவும் அவற்றுள் உள. ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் தேரும் நாம், நடிகரின் நினைவை ஒரு சுவடியாக மதிப்பதில்லை. முதிய ராஜபார்ட்டு நடிகர் ஒருவர், முதிய பெட்டிக்காரர் ஒருவர் தம் நினைவில் வைத்திருக்கும் வரிசையும் மெட்டும் அச்சில் இல்லாத பாடவேறுபாடுகள். அவர்கள் பலர் முதுமையடைந்துவிட்டனர். இளையோர் திரைப்பாடல் மெட்டுகளை நாடிச் செல்கின்றனர். பழைய மெட்டு மறைந்தால் வினாப்பாட்டும் விடைப்பாட்டும் பொருந்தும் இடம் மறையும். அவ்விடம் மறைந்தால் ஒத்திகையின்றி நாடகம் நடத்தும் ஆற்றலும் மறையும். அப்பொழுது நம் கையில் எஞ்சுவது புராணக் கதை கூறும் ஒரு பாட்டுப் புத்தகமே.

ஆதலின் பட்டமேற்படிப்பு மாணவர்க்கு யாம் பரிந்துரைப்பன இவை: ஒரே நாடகத்தின் பல ஆட்டங்களை ஒரே பகுதியில் ஒலிப்பதிவு செய்து, பாடப்பெற்ற பாட்டுகளையும் விடப்பெற்றவற்றையும் அட்டவணைப்படுத்துதல், பெட்டிக்காரரின் துணையோடு மெட்டுகளைச் சுரப்படுத்துதல், இவற்றை அச்சு நூலோடு ஒப்பிட்டு மேடைக் குறிப்புகளுடன் கூடிய ஆய்வுப்பதிப்பு வெளியிடுதல். புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி சுவாமிகளின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அப்பெயருக்கு உரிய கடன் தமிழ்த்துறைகள் அனைத்திற்கும் உண்டு.

8. முடிவுரை

இயக்குநர் என்னும் பெயர் இருபதாம் நூற்றாண்டில் தமிழுக்கு வந்தது; இயக்கும் தொழில் அதற்கு முன்னரே இருந்தது. நடிகரைப் பயிற்றியும், காலத்தை வகுத்தும், நோக்கை நிலைநிறுத்தியும் அத்தொழிலைச் செய்த சங்கரதாஸ் சுவாமிகள், தாம் இல்லாத மேடையும் இயங்குமாறு அதனை நூலின் அமைப்பிலேயே பதித்துச் சென்றார். அப்பதிவைப் படிக்கும் முறையை நூலகத்தில் மட்டும் கற்றல் இயலாது. சிலமலை போன்ற ஊர்களில் விடியும்வரை அமர்ந்து கேட்பவர்களிடமும் கற்க வேண்டும். அவர்களுக்கு எந்தப் பாட்டு விடுபட்டது என்பது தெரியும். ஆய்வாளர்க்கும் அது தெரியவருமாயின் தமிழ் நாடக ஆராய்ச்சி ஒருபடி உயரும்.